சவுக்கு வரிசைக்கு அந்தப் பக்கம்

ஒரு நல்ல வியூவைப் பார்த்ததும் உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வரும்? சும்மா சொல்லுங்க மச்சான்ஸ். "ப்பா" என்பீர்களா, "செம" என்பீர்களா, இல்லை நம்ம கேங்கில் ஒருத்தன் மாதிரி நேராகக் கெட்ட வார்த்தைதானா?

போன மாசம் வால்பாறை போனோம். வளைவில் வேனை நிறுத்தியதும் எல்லோரும் செல்ஃபி ஸ்டிக்கோடு இறங்கி ஓடினீர்கள். நான் மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்து உங்கள் சிப்ஸை எல்லாம் காலி பண்ணிக்கொண்டிருந்தேன். "என்னடா, வயசாயிடுச்சா?" என்று கலாய்த்தீர்கள். ஆயிடுச்சுதான். பஸ்ஸில் காலேஜ் பையன்கள் நம்மை அண்ணாவிலிருந்து அங்கிளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் நான் இறங்காததற்குக் காரணம் முட்டி வலி இல்லை. அன்றைக்குச் சொல்ல வரவில்லை. இன்றைக்கு மொத்தமாக டைப் பண்ணுகிறேன். நீளமாகப் போகும். திட்டாமல் படியுங்கள்.

நான் ஏழாவது படித்த வருஷம். எங்கள் வீடு கடலூரில் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இட்லித் தட்டு மாதிரி கூட ஏற்ற இறக்கம் கிடையாது. தரை என்றால் தரை. ஸ்கூலில் டிராயிங் பீரியடில் "இயற்கைக் காட்சி" வரையச் சொன்னால் நாங்கள் எல்லோரும் ரெண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், கீழே ஒரு ஆறு என்று வரைவோம். மலையைப் பார்த்தவன் கிளாஸில் ஒருத்தன் கூட இல்லை. நான் ஒரு தடவை திமிராக, ஸ்கேலை வைத்து நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு, "சார், இதான் சார் நம்ம ஊரு" என்று நீட்டினேன். அதே ஸ்கேலில் முட்டியில் ரெண்டு விழுந்தது.

என் அப்பாவுக்கும் அந்த முக்கோண மலைப் பைத்தியம்தான். அவர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். கடலூர், சிதம்பரம், மறுபடி கடலூர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் டிவி மாட்டிய பஸ். எந்த சிடி ஓட வேண்டும் என்பது கண்டக்டர் இஷ்டம். அப்பாவின் தோல்பைக்கு அடியில் ஒரு சிடி பவுச் இருக்கும். அதில் இருக்கிற எல்லாப் பாட்டிலும் பின்னால் மலை இருக்கும். பனிமலை, பச்சை மலை, மலைக்கு நடுவில் ஏரி. ஹீரோ யார், மியூசிக் யார், அதெல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம். வெயில் காலத்தில் ஜன்னலோரக் கம்பி கையைச் சுடும். பஸ்ஸுக்குள் வியர்வை வாசனை, மல்லிப்பூ வாசனை, ஏதாவது ஒரு கூடையிலிருந்து கருவாட்டு வாசனை. மேலே டிவியில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

சிதம்பரத்தில் தினமும் ஏறுகிற ஒரு டீச்சர் இருந்தார். அவருக்கும் அப்பாவுக்கும் தினம் இதே வம்புதான்.

"என்னா கண்டக்டரே, இன்னைக்கும் பனிமலையா? பாத்துப் பாத்து எனக்கு ஜலதோஷமே புடிச்சிடுச்சு."

"எறங்குற வரைக்கும் ஊட்டி டீச்சர். எறங்குனா வெயிலு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"டிக்கெட்டக் குடுங்க மொதல்ல."

லீவு நாளில் அப்பா என்னையும் டிரிப் கூட்டிப் போவார். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியே பார்ப்பார். ரெண்டு பக்கமும் தண்ணீர் அகண்டு கிடக்கும், தூரத்தில் கொக்குகள் வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். "பாருடா, எவ்ளோ இடம் பாரு" என்பார். அழகு என்று சொல்லவே மாட்டார், இடம் என்றுதான் சொல்வார். பாலம் முடிந்ததும் மறுபடி விசில், மறுபடி "டிக்கெட் டிக்கெட்".

தியேட்டரிலும் அப்படித்தான். சண்டைக் காட்சி வந்தால் வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டு வந்தால் ஓடி வருவார். "எல்லா ஆம்பளையும் ஹீரோயினப் பாப்பான். இந்த மனுசன் அவளக் கொஞ்சம் நவுரச் சொல்லிட்டுப் பின்னாடி இருக்குற மலையப் பாப்பாரு" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இனி அத்தை. அப்பாவின் அக்கா. தாத்தா நிலத்தைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் அப்பாவுக்கு, கடல் பக்கம் அத்தைக்கு என்று ஆனது. மாமா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. ஒரு ஓட்டு வீடு, அதைச் சுற்றிப் பலா, மா, கொஞ்சம் தென்னை. காய்ப்பைக் குத்தகைக்கு விட்டுத்தான் அத்தையின் வருஷம் ஓடும். சீசனின் முதல் பலாப்பழம் மட்டும் குத்தகைக்காரருக்குக் கிடையாது, எங்கள் வீட்டுக்கு. அத்தை கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்து, "வாடா என் மருமவனே, வந்து வாயத் தொற" என்று சுளையைத் திணிப்பார். அந்தப் பிசுபிசுப்பு ஸ்கூல் யூனிஃபார்மில் ஒட்டினால் போகவே போகாது.

அத்தையின் தோப்பு முடிகிற இடத்தில், கடலைப் பார்த்த எல்லையில், ஒரு சவுக்கு வரிசை. கடல் காற்றுக்குத் தடுப்பாக மாமா நட்டது. அதற்கு அந்தப் பக்கம் உப்பனாறு, அப்புறம் மணல் மேடு, அப்புறம் கடல்.

அந்த வருஷம் அப்பா வீட்டுக்கு மாடி போட்டார். மாடி என்றால் ஒரு ரூமும் மொட்டை மாடியும். ராத்திரி அங்கே படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் எழுந்து பார்த்தால் பலா, பலாவுக்குப் பின்னால் சவுக்கு. கேபிள் போன டிவியில் சவுண்டு மட்டும் வருமே, அந்த மாதிரி.

"கடலப் பாக்கணும்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வாயேன்" என்றார் அம்மா.

"அங்க போனா அலைதான் தெரியும், கடல் தெரியாது. மேலேர்ந்து பாத்தாதான் கடலு."

ஒரு சாயங்காலம் அப்பா மாடியில் நின்று ரெண்டு கை விரல்களாலும் கட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடிக் கிழக்கே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கட்டத்துக்குள் சவுக்கு மட்டும்தான் இருந்தது.

"இந்த வரிச போச்சுன்னா சினிமாஸ்கோப்டா" என்றார்.

அடுத்த வாரம் அத்தையிடம் போனார். நானும் கூடப் போனேன். சவுக்கு முற்றிவிட்டது, கழி வாங்குகிற வியாபாரி நல்ல விலை சொல்கிறான், இதற்கு மேல் விட்டால் பூச்சி வைத்துவிடும் என்றார். சொன்னது எல்லாமே உண்மைதான். கடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை முறத்தில் புளியை ஆய்ந்துகொண்டே கேட்டார். தோப்புப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க மாமா வச்சதுடா" என்றார். அப்புறம், "நீ சொன்னா சரி" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். வெட்டு முடிந்த அன்று அப்பா டியூட்டி சட்டையைக் கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். நான் பின்னாலேயே. ரெண்டு பலா மரங்களுக்கு நடுவில், கதவு லேசாகத் திறந்த மாதிரி, நீலமாக ஒரு துண்டு. அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.

நான் சொன்னது வேறு. "அப்பா, அந்தப் பலாவும் இல்லன்னா ஃபுல் ஸ்கிரீன்ப்பா."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். ஜோக் அவ்வளவுதான். அதை விட மொக்கை ஜோக்கெல்லாம் நான் அடித்திருக்கிறேன், உங்களுக்கே தெரியும். ஆனால் இது ஒன்றுதான் இன்னும் காதில் கேட்கிறது.

மார்கழியில் புயல் வந்தது. எந்தப் புயல் என்று கடலூர்க்காரனிடம் கேட்கத் தேவையில்லை. அந்த ராத்திரியைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் பில்டப் மாதிரி ஆகிவிடும். அத்தை கோழிக் கூடையோடு எங்கள் காங்கிரீட் வீட்டுக்கு வந்து படுத்தார். விடிந்து காற்று நின்றதும் முதலில் மாடிக்கு ஏறியது நான்.

தண்ணி டேங்க் இல்லை. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இல்லை. நான் அது எதையும் பார்க்கவில்லை. நேர் எதிரே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கடல். எந்தத் தடுப்பும் இல்லை. சாம்பல் நிறத்தில் வானம், அதற்குக் கீழே பழுப்பாக உப்பனாறு, வெள்ளையாக மணல், அப்புறம் பச்சையும் கறுப்பும் கலந்து கடல், மொத்தமும் ஒரே ஷாட்டில். தியேட்டரில் திரை விலகின மாதிரி இருந்தது.

"அப்பா! ஓடியாங்கப்பா! ஃபுல் ஸ்கிரீன்ப்பா! சூப்பராத் தெரியுது!"

தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் கீழே பார்த்தேன். தோப்பே படுத்திருந்தது. பலா வேரோடு பிடுங்கிக்கொண்டு, அது இருந்த இடத்தில் குளம் மாதிரி பள்ளம். மா பாதியில் முறிந்திருந்தது. அத்தை வீட்டில் ஓடு இல்லை, கழி மட்டும் நின்றது. அதற்கு நடுவில் அத்தை. இடுப்பில் கோழிக் கூடை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா மேலே வந்தார். கிழக்கே பார்த்தார். ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, அவர் முகத்தில் பாலத்து முகம் வந்தது. அப்புறம் என் கன்னத்தில் ஒன்று விட்டார். அப்பா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு அவரே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அத்தை அப்பாவோடு பேசவில்லை. சண்டை கிடையாது, சாபம் கிடையாது. அம்மாவோடு பேசினார், என்னோடு பேசினார். அம்மா கொடுத்தனுப்பும் சோற்றை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் இருக்கச் சொன்னால் மட்டும் "வேணாண்டா மருமவனே" என்று தார்ப்பாயைக் கட்டி அந்த வீட்டிலேயே இருந்தார். அப்பா போய் நின்றால், கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அப்பா வாசலில் நின்று, "அக்கா, ஓடு மாத்த ஆள் சொல்லியிருக்கேன்" என்பார்.

ஊர்க்காரர்கள் அப்பாவை ஆறுதல் சொல்லியே கொன்றார்கள். "ஜில்லா பூரா மரம் வுழுந்து கெடக்குது. அந்தக் காத்துக்கு ஒஞ் சவுக்குதான் நின்னுருக்கப் போவுதா?" நியாயம்தான். ஆனால் வடக்கே தோப்பு வைத்திருந்த ஒரு பங்காளிப் பெரியப்பாவின் சவுக்கு வரிசை பாதியில் முறிந்து கிடந்தது, அதற்கு உள்ளே அவருடைய பலாவில் ரெண்டு நின்றது. அப்பா தினமும் காலையில் நடந்து போய் அந்த ரெண்டு பலாவையும் பார்த்துவிட்டு வருவார். காற்று அங்கே எப்படித் திரும்பியதோ, மண் எப்படியோ, யாருக்குத் தெரியும்? இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா ஒரு வழியாகியிருப்பார், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

கரண்டு இல்லாத அந்த நாட்களில் எங்கள் மாடிக்குத் தனி மவுசு. செல்போன் சிக்னல் தேடி ஏறுவார்கள், ஏறியவுடன் போனை மறந்துவிட்டு, "அடேயப்பா, கடல் எப்டித் தெரிது பாரேன்!" என்பார்கள். அப்புறம் கீழே பார்த்து, குரலை இறக்கி, "ச்சொ ச்சொ" கொட்டுவார்கள். எல்லோரும் இதே ஆர்டரில்தான். ஒருத்தர் கூட மாற்றிச் செய்யவில்லை.

ஒரு நாள் ஏதோ ஒரு டிவியிலிருந்து கேமராக்காரர் வந்தார். மாடியேறிக் கேமராவைக் கிழக்கே திருப்பியதும், "சார், மாவட்டத்துலயே இந்த மாதிரி வைடு ஷாட் எங்கயும் கெடைக்கல சார்" என்று பூரித்துவிட்டார். கீழே அத்தை சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா! கொஞ்சம் அப்டியே மரத்துக்கு நடுவுல நடந்து போங்கம்மா. இந்தப் பக்கம் திரும்பாதீங்க. மெதுவா!"

அத்தை ஒன்றும் புரியாமல் ரெண்டு அடி நடந்தார். அப்பா குறுக்கே வந்து லென்ஸை உள்ளங்கையால் பொத்தினார்.

"எறங்குய்யா கீழ."

"சார், நல்ல ஷாட் சார், நிவாரணம் கெடைக்கும் சார் உங்களுக்கு..."

"அது ஷாட்டு இல்லய்யா, எங்கக்கா. எறங்கு."

அவர் போனதும் அப்பா மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது சிடி பவுச்சை டிரைவரிடம் கொடுத்துவிட்டார். டிரைவர் போட்டது எல்லாம் குத்துப் பாட்டு. ஒரு சனிக்கிழமை நானும் பஸ்ஸில் இருந்தேன். அந்த டீச்சர், "என்ன கண்டக்டரே, பனிமல உருகிடுச்சா?" என்று கேட்டார். அப்பா மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

தைப்பூசத்துக்கு வடலூர் போவது எங்கள் வீட்டில் வழக்கம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் போவார்கள். சபையில் ஏழு திரையை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு நிறம். அந்த வருஷமும் போனோம். அம்மா கூப்பிட்டதால் அத்தையும் வந்தார். பஸ்ஸில் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான்.

மைதானம் முழுக்கத் தலையாகத் தெரிந்தது. மற்ற வருஷங்களில் அப்பா கூட்டத்தைப் பிளந்து முன்னால் போய்விடுவார், பார்க்கிற விஷயமாயிற்றே. அந்த வருஷம் ஒரு ஓரமாக நின்றார். திரை விலகத் தொடங்கியதும் கூட்டம் சத்தம் போட்டது. எல்லோரும் எம்பினார்கள். நானும் எம்பினேன். எம்பி இறங்கும்போது பார்க்கிறேன், அப்பா சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அத்தனை ஆயிரம் முகமும் ஒரு பக்கம், இவர் முகம் மட்டும் இந்தப் பக்கம்.

அத்தையும் பார்த்துவிட்டார்.

"என்னாடா அந்தப் பக்கம் நிக்கிற? ஜோதி இங்க இருக்குது."

புயலுக்குப் பிறகு அத்தை அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ பாருக்கா. நான் பாத்த வரைக்கும் போதும்."

"திரும்புடா."

"சவுக்க வெட்டச் சொன்னது பூச்சிக்காக இல்லக்கா. மாடியிலேர்ந்து கடல் பாக்கத்தான்."

"தெரியும்."

அப்பா நிமிர்ந்தார்.

"மாடியில நின்னு கையால கட்டம் கட்டிக்கிட்டு நின்னியே, எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "தெரிஞ்சுதான் சரின்னேன். எனக்கும்தான்டா ஆச. பொறந்ததுலேர்ந்து சத்தத்த மட்டுமே கேட்டுக்கிட்டுக் கெடக்குறேன். ஒரு தடவ மாடியேறிப் பாக்கலாம்னு நெனச்சேன். உன்னத் திட்டணும்னு வாயத் தொறந்தா என்னையும் சேத்துத் திட்டணும். அதான் பேச்சு வரல. போதுமா?"

அதற்குள் ஏழாவது திரையும் விலகி மூடிவிட்டது. எங்கள் நாலு பேரில் ஜோதியைப் பார்த்தது அம்மா மட்டும்தான். "என்னத்த வந்தீங்களோ" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, "சாவியக் குடு" என்றார். அப்பாதான் மாடிக் கதவைத் திறந்தார். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, இடிந்த கைப்பிடிச் சுவர் பக்கம் போய் நின்றார். வெயில் ஏறியிருந்தது. கடல் பளபளவென்று கிடந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இவ்ளோதானா?" என்றார் அத்தை. "நேரா ஒரு கோடு."

அப்புறம் கீழே தோப்பைப் பார்த்தார். நான் கத்தின அன்றைக்கு அவர் எங்கே நின்றாரோ, அந்த இடத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அந்த "சூப்பராத் தெரியுது" பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வால்பாறையில் நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "செமடா!" என்று கத்தியபோது, கீழே யாராவது இருக்கிறார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

படி இறங்கும்போது அத்தை அப்பாவிடம் சொன்னார்: "மழ வந்ததும் வரிசயத் திரும்ப வச்சுக் குடு."

அப்பா சவுக்குக் கன்றுகளைச் சிதம்பரத்திலிருந்து பஸ் மேலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். டியூட்டி முடிந்து வந்து, இருட்டும் வரைக்கும் குழி வெட்டினார். அத்தை தடுக்கவும் இல்லை, கூட வந்து நிற்கவும் இல்லை. அதற்கு உள்பக்கம் பலாக் கன்றும் வைத்தார்.

இப்போது எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியாது.